கற்பூரம், கரி, வாழைமட்டை

நீங்கள் ப்ளஸ் டூவில் வேதியியல் படித்தவர் என்றால் ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பியூரெட்டில் இருந்து சொட்டுச் சொட்டாக இறங்குகிறது பொட்டாசியம் பெர்மாங்கனேட். கூம்புக் குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறீர்கள். ஒரு சொட்டு... இன்னும் ஒரு சொட்டு... சட்டென்று வெளிறிய ரோஸ் நிறம் வந்து, கலக்கக் கலக்கப் போகாமல் நின்றுவிடுகிறது. ஞாபகம் வருகிறதா?

எனக்கு அந்த நிறம் ஞாபகம் வரும்போதெல்லாம் கூடவே கற்பூர வாசனையும் வரும். எனக்கு வேதியியல் சொல்லிக் கொடுத்தவன், திருவண்ணாமலையில் ஒரு கற்பூரக் கடைக்காரரின் மகன்.

தொண்ணூறுகளில் நாங்கள் நாலு பேர் சேர்ந்து படித்தோம். சாயங்காலம் ஆனால் பெரிய கோயிலுக்குப் போய்விடுவோம். ராஜகோபுரத்தைத் தாண்டி உள்ளே போனால் ஒரு பக்கம் ஆயிரங்கால் மண்டபம், எதிர்ப்பக்கம் சிவகங்கைத் தீர்த்தம். குளத்துப் பக்கம் காற்றும் வரும், வெளிச்சமும் இருக்கும். நடை சாத்துகிற நேரம் வரை எங்களை யாரும் எழுப்பமாட்டார்கள்.

பிள்ளைகளின் புத்தியை நம் ஊர்ப் பெரியவர்கள் மூன்றாகப் பிரிப்பார்கள். பார்த்ததும் பற்றிக்கொள்வது கற்பூர புத்தி. ஊத ஊதப் பற்றுவது கரி புத்தி. என்ன செய்தாலும் புகைவது வாழைமட்டை புத்தி. எங்களில் இரண்டு பேர் தங்களை வாழைமட்டை என்று ஒப்புக்கொண்டு நிம்மதியாக இருந்தார்கள். நான் கரி. அவன் கற்பூரம். அவன் பெயரே எங்களுக்குக் கற்பூரம்தான்.

அவன் சொல்லிக் கொடுக்கிற விதமே வேறு. "வீட்ல கற்பூர டப்பாவுல ஏண்டா நாலு மிளகு போட்டு வைக்கறாங்க?" என்று கேட்பான். நாங்கள் முழிப்போம். "கற்பூரம் உருகாம நேரா ஆவியாப் போயிடும். அதான் பதங்கமாதல். மிளகு போட்டா கரையாதுன்னு எங்கப்பா சொல்வார். மூடியை டைட்டா மூடினாலே போதும்னு நான் சொல்வேன். ரெண்டு பேரும் தினம் சண்டை." அடுத்த நிமிடம், "பத்து கார்பன், பதினாறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். சாமிக்குக் காட்டறது ஒரு கீட்டோன்டா!" என்பான்.

உப்புப் பகுப்பாய்வில் சுடர் நிறம் எனக்கு நிற்கவே நிற்காது. அவன் மலை உச்சியைக் காட்டுவான். "தீபக் கொப்பரையில நெய்க்குப் பதிலா உப்பைப் போட்டதா நினைச்சுக்க. செங்கல் சிவப்பா எரிஞ்சா கால்சியம். ரத்தச் சிவப்புன்னா ஸ்ட்ரான்ஷியம். இளம்பச்சை பேரியம்." இன்றைக்கும் கார்த்திகை தீபத்தன்று மலையைப் பார்த்தால், கையெடுத்துக் கும்பிடும் முன்பு எனக்கு ஸ்ட்ரான்ஷியம்தான் ஞாபகம் வருகிறது. அண்ணாமலையார் மன்னிக்க வேண்டும்.

அப்போது வேதியியலுக்கு 200 மார்க். எழுத்து 150, செய்முறை 50. இன்ஜினீயரிங் போக வேண்டும் என்றால் கணக்கில் பாதி, இயற்பியலில் கால், வேதியியலில் கால் எடுத்து, நுழைவுத்தேர்வின் 100-ஐச் சேர்த்து 300-க்குக் கட் ஆஃப் போடுவார்கள். வேதியியலில் நாலு மார்க் போனால் கட் ஆஃபில் ஒன்று போச்சு. அந்த ஒன்றில் எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

கரிம வேதியியலில், 'ஏ என்ற சேர்மம் பி-யாக மாறுகிறது, பி சி-யாக மாறுகிறது, கண்டுபிடி' என்று ஒரு கணக்கு வருமே... அதற்காகவே கற்பூரம் ஒரு நோட்டு வைத்திருந்தான். ஆல்டால் குறுக்கம், கான்னிசரோ வினை எல்லாம் அம்புக்குறி போட்டு, பச்சை மையில் எழுதிய நாற்பது பக்க நோட்டு. 'கசப்பு பாதாம் வாசனை என்றால் கண்ணை மூடிக்கொண்டு பென்சால்டிஹைடு எழுது' என்று ஓரத்தில் குறிப்பு வேறு. அது நாலு பேரிடமும் முறை வைத்துச் சுற்றும்.

வேதியியல் பரீட்சைக்கு முதல் நாள் பௌர்ணமி.

திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். 14 கிலோமீட்டர் பாதை முழுக்கத் தலைகள். கற்பூரக் கடைக்கு ஒரு மாத வருமானம் அந்த ஓர் இரவில். அவன் அப்பாவுக்கு அந்த வாரம் காய்ச்சல். எமலிங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜையும் பெட்ரோமாக்ஸ் விளக்கும் போட்டு, அவன்தான் உட்கார வேண்டியிருந்தது. "நோட்டை ஒரு பத்து மணிக்குக் கொண்டாந்து குடுத்துட்றா. கூட்டம் குறையறப்ப ஒரு புரட்டு புரட்டிக்கறேன்" என்றான். "கண்டிப்பா" என்றேன்.

பத்து மணிக்கு நான் இருபதாவது பக்கத்தில் இருந்தேன். பதினோரு மணிக்கு இருபத்தைந்து. சைக்கிள் வாசலில்தான் நின்றது. 'எழுதினதே அவன்தானே, அவனுக்கு எதுக்கு நோட்டு?' என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் சைக்கிள் போகாது என்றும் சொல்லிக்கொண்டேன். கரி பற்றிக்கொள்ள நேரம் ஆகும் இல்லையா? ஊதிக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

மறுநாள் அவன் சிவந்த கண்களோடு வந்தான். "கூட்டத்துல வர முடியல" என்றேன். "பரவால்லடா" என்றான். அவ்வளவுதான்.

கேள்வித்தாளில் பென்சால்டிஹைடு இருந்தது. எனக்கு வேதியியலில் 186. அவனுக்கு 162. நான் சென்னைக்கு இன்ஜினீயரிங் படிக்கப் போனேன். அவன் ஊரிலேயே கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. சேர்ந்தான். நோட்டு என்னிடமே தங்கிவிட்டது.

அதற்குப் பிறகு என்னென்னவோ மாறிவிட்டது. 2007-ல் இன்ஜினீயரிங் நுழைவுத்தேர்வு போனது. 2017-ல் டாக்டர் படிப்புக்கு நீட் வந்தது. 2019-ல் 1200 மார்க் 600 ஆனது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020-ல் மருத்துவத்திலும், 2021-ல் இன்ஜினீயரிங்கிலும் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது. முதல் நாள் இரவில் கடையில் உட்காருகிற பிள்ளைக்கு மட்டும் எந்த ஒதுக்கீடும் இன்னும் வரவில்லை.

போன வருடம் வீடு மாற்றும்போது அந்த நோட்டு கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். கடை அப்படியே இருக்கிறது. கல்லாவுக்குப் பின்னால் பாய் விரித்து ஏழெட்டுப் பிள்ளைகள் படித்துக்கொண்டு இருந்தார்கள். எல்லோரும் ப்ளஸ் டூ. காசு வாங்குவது இல்லையாம். "வியாபாரம் டல்லா இருக்கற நேரத்துல வேற என்ன செய்யறது?" என்றான்.

நோட்டை நீட்டினேன். அன்றைக்கு நான் கிளம்பவே இல்லை என்பதையும் சொன்னேன். இத்தனை வருடம் கழித்துச் சொல்வதற்கே நாக்கு வறண்டது.

பக்கங்களைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தான். "அட போடா. அன்னிக்கு நீ கொண்டாந்திருந்தாலும் படிச்சிருக்க முடியாது. விடிய விடிய சில்லறை எண்ணவே நேரம் சரியா இருந்துச்சு."

எனக்குப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. ஒரு நிமிடம்தான்.

நோட்டைப் பின்னால் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்து, "இதுல பென்சால்டிஹைடு தெளிவா இருக்கும், பாரும்மா. எல்லாரும் முறை வெச்சுப் படிங்க" என்றான். பிறகு என் பக்கம் திரும்பாமலே, கற்பூரப் பொட்டலத்தை மடித்துக்கொண்டே சொன்னான்:

"ஆனா ரெண்டு மணி வரைக்கும் ரோட்டையே பாத்துட்டு இருந்தேன்டா."

கற்பூரம் எரிந்தால் சாம்பல் மிஞ்சாது என்பார்கள். கரி அப்படி இல்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் யாருடைய நோட்டாவது கிடக்கலாம். தேடிப் பாருங்கள். கிடைத்தால், கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். மணி எவ்வளவு ஆகியிருந்தாலும்.