தானே மூடும் கதவு

பத்துமலையில் குகையின் வாய்க்குக் கதவில்லை. 272 படிகளை ஏறி வருபவர் முதியவராயினும் குழந்தையாயினும் தம் நடைக்கேற்ப உள்ளே புகலாம். நமது தோட்டத்து லயத்தில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், எழுபதைக் கடந்தவர், சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று அப்படிகள் அனைத்தையும் நம்மோடு ஏறி இறங்கினார். இடையில் மூன்று முறை உட்கார்ந்தார். குரங்கொன்றிடம் தேங்காய் மூடியைப் பறிகொடுத்தார். வேறு தீங்கு ஒன்றுமில்லை. அன்று மாலை நகரத்துப் பெரிய வியாபார ஸ்தலம் ஒன்றின் வாசலில், தானே திறந்து தானே மூடும் கண்ணாடிக் கதவு அவரை இடித்துத் தள்ளிற்று. இடுப்பெலும்பு முறிந்தது.

"என் தலையெழுத்து, கிராணி ஐயா" என்றார் மூதாட்டி. அவர் மெதுவாக நடந்ததே பிழை என்று ஆங்கிலத்தில் சொன்னார் ஸ்தலத்து மேற்பார்வையாளர். இவ்விரண்டு வாக்கியங்களும் ஒன்றே என்பது அன்றிரவு ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நமக்கு உறைத்தது. இரண்டிலும் கம்பெனி இல்லை.

முருகனைக் காணச் சென்றவரை முருகன் ஏன் காக்கவில்லை என்று கேட்கும் நண்பர்களும் நமக்குண்டு. அவரைக் கேட்குமுன் கதவை அமைத்தவரைக் கேட்கலாமே!

அக்கதவு இயங்கும் விதத்தை, அத்தொழில் தெரிந்த ஒருவரிடம் விசாரித்தோம். கதவின் தலைமேல் பொருத்திய கருவி, மனிதர் நெருங்கி வரும் அசைவை உணர்ந்து திறக்கிறது. அசைவை உணரும் கருவி அசையாது நிற்பவரை உணராது. அத்தகையோரைக் காக்க, வாசலின் குறுக்கே கண்ணுக்குப் புலனாகாத ஒளிக்கற்றை ஒன்று காவலிருக்க வேண்டும். கதவு எத்தனை விநாடி திறந்திருக்கலாம், எவ்வளவு வேகத்தில் மூடலாம், எவ்வளவு விசையோடு தள்ளலாம் என்பன யாவும் மனிதர் கையால் அளந்து வைக்கப்படுவன. குளிர்ந்த காற்று வெளியே போய் மின்சாரச் செலவு ஏறாதிருக்க அவ்விநாடிகளைக் குறைப்பாரும் உண்டாம். மூதாட்டி வாசலில் நின்றது, கழன்ற செருப்பை மாட்டிக்கொள்ள. அந்தச் சில விநாடிகளில் கதவு அவரை மறந்துவிட்டது.

தானியங்கி என்ற சொல்லே கம்பெனியாருக்குப் பெரிய உபகாரம் செய்கிறது. தானே இயங்குவதாயின் எவர் மீது பழி?

ஜப்பானியர் இதற்கு ஒரு விடை கண்டனர். 2004-ஆம் ஆண்டு மார்ச்சு 26-ஆம் தேதி, டோக்கியோ நகரில் ரோப்பொங்கி ஹில்ஸ் என்னும் மாளிகையின் பெரிய சுழற்கதவில் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் தலை சிக்கி மாண்டான். கதவின் சுழலும் பகுதி 2.7 டன் எடையுள்ளது. சிறுவன் உயரம் 117 சென்டிமீட்டர். மேலிருந்து காக்கும் கருவியோ சுமார் 120 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ளதைக் காணாதபடி அமைக்கப்பட்டிருந்தது. தாழ்வாக அமைத்தால் கதவு காரணமின்றி நின்று நின்று போகிறதாம். ஓடிவந்தது குழந்தையின் பிழை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் அம்மாளிகையின் சுழற்கதவுகளில் முன்னரே பலர் சிக்கி அடிபட்டிருந்தமை வெளியாயிற்று. 2005-இல் நியாயஸ்தலம், கட்டிடக் கம்பெனியைச் சேர்ந்த இருவரையும் கதவுக் கம்பெனியைச் சேர்ந்த ஒருவரையும் குற்றவாளிகளெனத் தீர்த்து, நிறுத்திவைத்த சிறைத்தண்டனை விதித்தது. தண்டனை சொற்பந்தான். ஆயினும் அந்த மூன்று சென்டிமீட்டர் எவருடைய கணக்கு என்பது பதிவாயிற்று.

நமது மலேசியாவிலும் சட்டம் இல்லாமலில்லை. 1994-ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தம்மிடம் வேலை செய்யாத பிறரும் தம் தொழிலால் அபாயத்துக்கு உள்ளாகாதபடி இயன்றவரை காப்பது முதலாளியின் கடமை என்கிறது. 2024 ஜூன் முதல், இக்கடமையில் தவறியோருக்கு விதிக்கத்தக்க அபராதத்தின் உச்சம் 50,000 வெள்ளியிலிருந்து 500,000 வெள்ளியாக உயர்ந்தது.

இவ்வளவும் எழுத நமக்கு என்ன தகுதி? தோட்டத்து ஆபீசில் விபத்துப் புத்தகம் எழுதுவது நாமே. அதில் 'காரணம்' என்றொரு கட்டம் உண்டு. ஆங்கிலப் பள்ளியில் கற்ற ஆங்கிலத்தில், ஒன்பது ஆண்டுகளாக, 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்றே பெரும்பாலும் எழுதிவந்திருக்கிறோம். செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் வண்டியின் பின்கதவு விழுந்து, ஓர் இளைஞனின் மூன்று விரல்கள் நசுங்கிய நாளிலும் அதையே எழுதினோம். அக்கதவின் கொக்கி தேய்ந்திருந்தது நமக்குத் தெரியும். புதுக் கொக்கி கேட்டு வந்த சீட்டு நம் மேஜைமேல்தான் கிடந்தது.

மூதாட்டி லயத்துக்குத் திரும்பிய வாரம் அவ்வியாபார ஸ்தலத்துக்குக் கடிதம் எழுதினோம். கதவைக் கடைசியாகச் சோதித்த நாள் எது, சோதித்தவர் யார், ஒளிக்கற்றை வேலை செய்ததா, திறந்திருக்கும் விநாடிகள் எத்தனை என்று நான்கே கேள்விகள். பதிலாக ஆரஞ்சுப் பழக்கூடை ஒன்று லயத்துக்கு வந்தது. மூதாட்டி அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழங்களைப் பங்கிட்டுக் கொடுத்தார். "பெரிய மனசு ஐயா அவங்களுக்கு" என்றார்.

அதே நான்கு கேள்விகளை மறுபடியும் எழுதி, பிரதியொன்றைத் தொழில் பாதுகாப்பு இலாகாவுக்கும் அனுப்பியிருக்கிறோம். விபத்துப் புத்தகத்தின் பழைய பக்கத்தை அழிக்க வழியில்லை. மை காய்ந்து கையெழுத்தும் ஆகிவிட்டது. அவ்விளைஞன் பெயருக்கு நேரே, ஓரத்தில், கொக்கி தேய்ந்திருந்தது என்று தேதியிட்டு எழுதினோம். மானேஜர் இன்னும் பார்க்கவில்லை.