சத்தம் போடாத வால்வு

டீசல் வண்டியில் சத்தம் குறைந்தால் நல்லது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். "எஞ்சின் பஞ்சு மாதிரி ஓடுது" என்று மெச்சுவார்கள். ஆனால் வால்வு விஷயத்தில் இது தலைகீழ். சத்தம் போடும் வால்வைவிடச் சத்தம் போடாத வால்வுதான் ஆபத்து. பாடப் புத்தகத்தில் நாலு வரியில் வரும் இந்த உண்மையை, எங்கள் வீட்டு வாசலில் வைத்து நிரூபிக்க வேண்டிய கட்டாயம் சென்ற மார்கழியில் எனக்கு வந்தது.

எங்கள் ஊர் புளியஞ்சோலை. திருச்சி மாவட்டத்தில், துறையூருக்கு அப்பால், கொல்லிமலை அடிவாரம். மலைக்கு வண்டி ஏறும் பாதை 70 கொண்டை ஊசி வளைவுகளோடு நாமக்கல் பக்கம் காரவள்ளியிலிருந்து போகிறது. எங்கள் பக்கம் இருப்பது நடைபாதைதான். மலையிலிருந்து நடந்து இறங்குகிறவர்களுக்கும், ராத்திரியில் துறையூர் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர்களுக்கும் அப்பாவின் பழைய டீசல் அம்பாசிடர்தான் துணை. எங்கள் அடுப்பு எரிவதும் அதனால்தான்.

அந்த வண்டி காலையில் ஸ்டார்ட் ஆக மறுத்தது. ஹீட்டர் பிளக் நன்றாக இருந்தது, பேட்டரி நன்றாக இருந்தது. நாலு பேர் தள்ளினால்தான் உயிர் வரும். டவுனில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார். உத்தரபாரா தொழிற்சாலை 2014-லேயே அம்பாசிடர் தயாரிப்பை நிறுத்திவிட்டது; சாமான் தேடி அலைய வேண்டும். அப்பா வண்டியை எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்க ஆரம்பித்தார். "ஆனா எஞ்சின் சத்தம் முன்னைவிடக் குறைச்சல்தான்டா" என்று அவர் சொன்ன வார்த்தை மட்டும் என்னை உறுத்தியது.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கொடுக்கும் பிளக் கிடையாது. உள்ளே இழுத்த காற்றை நெருக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. எங்கள் வண்டியின் 1489 சி.சி. எஞ்சினில் காற்று 20 மடங்குக்கும் மேல் நெருக்கப்படுகிறது. வால்வு நூலிழை திறந்திருந்தாலும் காற்று கசியும், சூடு குறையும், பனிக்கால விடியலில் பற்றாது.

வால்வு ஏன் மூடாமல் போகிறது? நம் வீட்டுக் கதவைப் பாருங்கள். மழைக்காலத்தில் மரம் உப்பும் என்று தெரிந்துதான் தச்சர் நிலைக்கும் கதவுக்கும் நடுவே சந்து விடுகிறார். அதுபோல ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு சந்து வேண்டும். சூட்டில் தண்டு நீளும். நாளாக நாளாக வால்வு உட்காரும் சீட் தேய்ந்து வால்வு மேலே ஏறும்போது அந்தச் சந்து அடைபடும். சந்து போனால் 'டக் டக்' சத்தமும் போகும். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டில் பெரும்பகுதியை சீட்டில் உட்காரும் நேரத்தில்தான் இறக்கி வைக்கிறது. சரியாக உட்கார முடியாத வால்வு கருகிவிடும். சந்து அதிகமானால் சத்தம் வந்து காட்டிக்கொடுக்கும். குறைந்தால் சொல்லாமலே கெடுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை டேப்பட் கவரைக் கழற்றினோம். ஒரு ரிங் ஸ்பேனர், ஒரு ஸ்க்ரூ டிரைவர், நண்பனிடம் வாங்கி வந்த ஃபீலர் கேஜ், இவ்வளவுதான் ஆயுதம். டீசலை நிறுத்தும் குமிழை இழுத்துவிட்டு, நாலாவது கியரில் போட்டு, அம்மாவும் தங்கையும் வண்டியை அங்குலம் அங்குலமாகத் தள்ளினார்கள்.

எட்டு வால்வுக்கு ஒன்பது கணக்கு என்று ஒன்று உண்டு. 8-ஆம் வால்வு முழுக்க அமுங்கியிருக்கும்போது 1-ஐ சரிசெய்ய வேண்டும். 7 அமுங்கினால் 2. 6 அமுங்கினால் 3. எதைக் கூட்டினாலும் ஒன்பது வர வேண்டும். அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் இந்தக் கணக்கை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். "அஞ்சு அமுங்கிருச்சு தம்பி, நாலைப் பாரு" என்று அவரே எண் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

எட்டில் மூன்று வால்வுகளில் கேஜின் மிக மெல்லிய தகடுகூட நுழையவில்லை. மூன்றும் எக்ஸாஸ்ட். லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருப்பி, கையேட்டில் போட்டிருக்கும் அளவுத் தகடு லேசான பிடிப்போடு இழுபடும்படி வைத்தோம். நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடச் சுற்றும். அதனால் இறுக்கிய பிறகு ஒருமுறை அளக்க வேண்டும். அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். சூட்டில் அளப்பதா, ஆறிய பிறகா என்பதும் மாறும். கையேடு பார்க்காமல் கை வைக்கக்கூடாது.

மறுநாள் விடியற்காலை யாரும் தள்ளவில்லை. இரண்டாவது முயற்சியில் எஞ்சின் பிடித்துவிட்டது. ஆனால் அப்பா முகம் வாடியது.

"என்னடா இது, தையல் மிஷின் மாதிரி டக்கு டக்குன்னு அடிக்குது?"

"நேத்து விட்ட சந்துதான்ப்பா பேசுது."

கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "அப்போ இத்தனை நாளா சத்தம் இல்லாததுதான் வியாதியா?" என்றார்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வால்வு ஏற்கெனவே கருகியிருந்தால் ஃபீலர் கேஜ் காப்பாற்றாது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும். எங்களுக்கு நேரம் இருந்தது, பிழைத்தோம். இப்போது டிரிப் நோட்டில் கிலோமீட்டர் குறித்து வைத்து, "டேப்பட் எப்ப பாக்கணும்?" என்று அப்பாவே போனில் கேட்கிறார்.

நண்பர்களே, புது வண்டிகள் பலவற்றில் ஹைட்ராலிக் டேப்பட் வந்துவிட்டது. அதில் சந்தை நாம் வைக்க வேண்டியதில்லை. ஆனால் நம் கிராமங்களில் பழைய எஞ்சின்கள் இன்னும் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. லேபில் வெட்டி வைத்த எஞ்சினில் கற்றதை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஒரு ஃபீலர் கேஜையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.