உடைந்த வளையலும் கரும்புச் சோகையும்

கடந்த ஆண்டு லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்காகச் சென்றபோது மனைவியையும் அழைத்துப் போயிருந்தேன். ஞாயிறு விடுமுறை. காலையிலேயே பஸ் பிடித்து, சுமார் 100 கி.மீ. தொலைவில் உள்ள சண்டிகர் பாறைத் தோட்டத்தைப் பார்க்கப் போனோம்.

பெயர்தான் தோட்டம். உள்ளே வரிசை வரிசையாக மனிதர்கள், பறவைகள், விலங்குகள். எல்லாமே உடைந்த வளையல், பீங்கான் துண்டு, பழைய மின்சாதனம் என்று வீசி எறிந்த பொருட்களால் ஆன சிலைகள். செய்தவர் நேக் சந்த், சாலை ஆய்வாளர். கழிவுகளைச் சைக்கிளில் சுமந்து வந்து, 1957 முதல் வனநிலத்தில் யாருக்கும் தெரியாமல் உழைத்திருக்கிறார். சுமார் 18 ஆண்டுகள் கழித்தே அதிகாரிகள் கண்டார்கள். அனுமதியில்லாத வேலை என்பதால் இடிபடும் ஆபத்து இருந்தது. மக்கள் ஆதரவால் தப்பி, 1976-ல் திறக்கப்பட்டது.

வளையல் பொம்மைகளின் முன் நின்ற மனைவி கேட்டாள்: "ஏங்க, போன மாசம் நம்ம வயல்ல சோகையைக் கொளுத்தினோமே, அது மட்டும் குப்பையா?"

பதில் வரவில்லை. 'சோகையைக் கொளுத்தாதீர்கள்' என்று ஊர் ஊராகச் சொல்பவன் நான். ஆள் கிடைக்கவில்லை என்று சொந்த வயலில் தீ வைத்தவனும் நானே.

இந்த ஆண்டு மறுதாம்புக் கரும்பில் ஒரு சால் விட்டு ஒரு சால் சோகையைப் பரப்பினோம், இருவருமாக. ஈரம் நிற்கிறது, களையும் குறைவு. கரும்பு வெட்டி முடித்த விவசாயிகளே, தீப்பெட்டியை எடுக்கும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.