ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்

பி.டி.-எல்1 என்னும் புரதத்தைத் திசுவில் காட்டித் தரும் எதிர்ப்பொருள், அதாவது ஆன்டிபாடி, எங்கள் ஆய்வகத்துக்கு 100 மைக்ரோலிட்டர் குப்பியில் வருகிறது. இரண்டொரு துளிதான். குப்பியின்மேல் பொடி எழுத்தில் ஒரு வரி: ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டுக்கு மட்டும்’. வெறும் சட்ட வாசகம் என்றே பலரும் அதைக் கடந்துவிடுகின்றனர்.

அந்தப் புரதம் 290 அமினோ அமிலங்களால் ஆனது. செல்லின் மேற்பரப்பில் நின்று, தாக்க வரும் டி செல்லின் பி.டி.-1 ஏற்பியைப் பற்றி அதனை அடங்கச் செய்கிறது. நஞ்சுக்கொடியில் இது மிகுதி. தாயின் நோயெதிர்ப்பு ஆற்றல் சேயை அயலாகக் கருதாதிருக்க உதவுவனவற்றுள் இதுவும் ஒன்று. புற்றுசெல்களும் அதே உபாயத்தைக் கற்றுக்கொண்டிருக்கின்றன. பி.டி.-1ஐக் கண்டறிந்த தசுகு ஹொன்ஜோ 2018இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

எங்கள் வளாகத்துத் தேநீர்க் கடைக்காரரின் அண்ணனுக்கு நுரையீரல் புற்று. மருத்துவர் பி.டி.-எல்1 சோதனை கேட்டிருக்கிறார். “பேட்டா, உங்கள் மெஷினில் ஒருமுறை பார்த்துச் சொல்லக் கூடாதா?” என்று இந்தியில் கேட்டார். மெஷின் ஏதுமில்லை, கையால் துளித்துளியாக இடுவதுதான். ஆனால் நான் மறுத்தது அதனாலன்று.

புரதம் ஒன்று, அதைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் பல. 22சி3 செல்லுக்கு வெளியே நீளும் பகுதியைப் பற்றும். எஸ்பி142 உள்ளே இருக்கும் சிறு வாலைப் பற்றும். ஒரே புற்றில் இவற்றை ஒப்பிட்ட ஆய்வுகளில் எஸ்பி142 குறைவான புற்றுசெல்களையே காட்டியது. எங்கள் குப்பியோ இரண்டுமன்று. ஒவ்வொரு புதிய தொகுதி வரும்போதும் டான்சில் திசுவில் 1:50, 1:100, 1:200 என நீர்த்துப் பார்க்கிறேன். டான்சில் குழிகளின் உட்படலம் அடர்பழுப்பாகவும், முளைமையத்து மாக்ரோஃபேஜ்கள் இளம்பழுப்பாகவும் தெரிய வேண்டும். சூழ்ந்துள்ள லிம்போசைட்டுகளில் பெரும்பாலானவை நீலமாகவே இருக்க வேண்டும். அவையும் பழுப்பேறினால், படம் எத்துணை அழகாயினும் பயனில்லை. மிக அழகான படங்கள்மீது எனக்கு எப்போதும் ஓர் ஐயம் உண்டு. குப்பியில் பாதி இதற்கே செலவாகிறதே என்று நண்பர்கள் குறைப்படுகிறார்கள். ஆகட்டும்.

எங்கள் ஆய்வுக்கு, திசுவில் அப்புரதம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும். மருத்துவருக்கு வேண்டியது எண். நுரையீரல் புற்றில் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தனியாகத் தருவதா, கீமோவுடன் சேர்த்துத் தருவதா என்று முடிவுசெய்கையில், சாயமேறிய புற்றுசெல்கள் 50 விழுக்காட்டை எட்டுகின்றனவா என்பதையும் பார்ப்பார்கள். என் குப்பி 60 என்றும், அங்கீகரிக்கப்பட்ட சோதனை 20 என்றும் சொன்னால், அந்தக் குடும்பம் எதை நம்பிக் கடன் வாங்கும்?

இதையெல்லாம் அவரிடம் விரித்துரைக்கவில்லை. வெட்டிவைத்த ஸ்லைடுகள் நாள்படச் சாயம் ஏற்கும் தன்மையை இழக்கும் என்பதால், மெழுகில் பதித்த பிளாக்கையே மருத்துவமனையில் கேட்டு வாங்குமாறு சொன்னேன். எந்த ஆய்வகத்துக்கு, எந்தச் சோதனைக்கு அனுப்ப வேண்டும் என்பதை மருத்துவரிடமே எழுதி வாங்கச் சொன்னேன். ‘22சி3’ என்ற பெயரை மும்முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, பற்றுநோட்டின் பின்னட்டையில் குறித்துக்கொண்டார்.