இருட்டில் கிடைத்த முத்தம்

ரஷ்ய எழுத்தாளர் செகாவ் 1887-இல் எழுதிய 'முத்தம்' கதையைக் கிள்ளான் கொமுட்டர் ரயிலில் மறுபடி வாசித்தேன். ரியபோவிச் கூச்ச சுபாவமுள்ள பீரங்கிப்படை அதிகாரி. விருந்து வீட்டில் வழி தவறி ஓர் இருட்டறைக்குள் நுழைகிறான். யாருக்காகவோ காத்திருந்த பெண் ஆள் தெரியாமல் முத்தமிட்டு, பதறி விலகுகிறாள். அவள் யாரென்று கடைசிவரை அவனுக்குத் தெரியாது. விருந்தில் பார்த்த ஒருத்தியின் தோளையும் இன்னொருத்தியின் கண்களையும் சேர்த்து ஒரு பெண்ணைச் செய்துகொள்கிறான். மனசுக்குள் அவளோடு கல்யாணம், பிள்ளைகள், இரவுச் சாப்பாடு எல்லாம் நடக்கிறது.

என்னை உலுக்கியது பிறகு வரும் இடம். நண்பர்களிடம் அந்த முத்தத்தைப் பற்றிச் சொல்கிறான். விடியவிடியச் சொல்லலாம் என்று நினைத்தது ஒரே நிமிடத்தில் முடிந்துபோகிறது! அவனுக்கே அதிர்ச்சி.

பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறைகளில் தனியாக இருக்கும் நம் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். கேஎல் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் தினமும் பார்க்கும் பெண் ஒருநாள் சிரித்துவிட்டால், வாரம் முழுக்கப் பேச்சுத்துணை இல்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரியும்! அவனை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது. ஆனால் அவள் மரியாதைக்குச் சிரித்தாள், அவ்வளவுதான். அதற்குமேல் அவள் எதற்கும் பொறுப்பில்லை. செகாவும் தன் கதையில் வரும் அந்த இருவரில் யாரையும் குற்றம் சொல்லவில்லை.

உங்கள் மாடியில் அப்படி ஒரு தம்பி இருந்தால், இந்த ஞாயிறு சாப்பிடக் கூப்பிடுங்கள்.