இறக்குமதிச் சரக்கு

கொற்கையில் கிடைத்த ஓடு ஒன்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தேன். உள்ளங்கை அகலம்கூட இல்லை. சாம்பல் நிறம், நல்ல மெல்லிசு. ஒரு தட்டின் அடிப்பாகம். உட்பக்கத்தில் வட்டத்துக்குள் வட்டமாக நுண்ணிய கொத்துப் புள்ளிகள். தட்டு சக்கரத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்போதே, பாதி காய்ந்த மண்ணில், மெல்லிய தகட்டின் நுனியையோ பல் வெட்டிய சிறு உருளையையோ பட்டும் படாமலும் வைத்துச் செய்த வேலை. சற்று அழுத்தினால் தட்டு போயிற்று. பக்கத்தில் நின்றவர் தன் பையனிடம், "ரோம்காரன் தட்டுடா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தவனுக்குக் கொற்கையே கிரேக்கப் புத்தகம் வழியாகத்தான் அறிமுகமாகிறது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெரிப்ளூஸ் 'கொல்கோய்' என்கிறது. அங்கே தண்டனைக் கைதிகள் முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. ஏரலுக்கு டவுன் பஸ்ஸில் போய் இறங்கக்கூடிய ஊரை அலெக்ஸாண்ட்ரியா வழியாகச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தவர்கள் நாம்.

இந்த வகைத் தட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்ட்டிமர் வீலர், இந்தப் புள்ளி அலங்காரம் இந்திய மரபுக்கு உரியதல்ல, மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து வந்தது என்றார். நயமானவை வந்த சரக்கு; முரடானவை உள்ளூர்க்காரன் பார்த்துச் செய்தவை. அரிக்கமேட்டில் அசல் இத்தாலியச் சிவப்புக் கிண்ணங்களும் மதுச் சாடிகளும் கிடைக்கத்தான் செய்தன. ஆகவே சந்தேகப்பட யாருக்கும் தோன்றவில்லை. 1983இல் விமலா பெக்லி அந்தச் சான்றுகளை மறுபடி அலசி, தட்டுகள் இந்தியாவில் வனையப்பட்டவை, ரோமானிய வாணிபம் சூடுபிடிக்கும் முன்பே தொடங்கியவை என்றார். வீலர் முட்டாள் அல்ல. தனக்குத் தெரிந்த ஒன்றைப் போல இருந்ததை, அதிலிருந்தே வந்தது என்று வாசித்தார்.

இதையே நானும் செய்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் ஏரல் பக்கத்துக்காரர், ரேஷன் கடையில் எடை போடுபவர். ஊர், நோய், வறண்ட கால்வாய், சாவு. எலியட்டின் நிழல் மூன்றாம் கை மாறி வந்திருக்கிறது என்றும், நயமான வரிகள் கடன், மற்றவை உள்ளூர் நகல் என்றும் தீர்ப்புச் சொன்னேன். புதுக்கவிதையையே 'இறக்குமதிச் சரக்கு' என்று பண்டிதர்கள் ஏசியபோது எதிர்த்து நின்ற பரம்பரை என்று நம்மை நினைத்துக்கொள்கிறோம். எனக்கு அந்த முத்திரை எவ்வளவு சுளுவாகக் கைக்கு வந்தது! வங்கியில் வவுச்சர் பார்க்காமல் வரவு வைக்கமாட்டேன்.

பிறகு ஒருநாள் ஏரல் பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்தார். கோபமே இல்லை, அதுதான் சங்கடம். "அண்ணாச்சி, அந்த எலியட்டு யாரு? எனக்கு இங்கிலீஸ் வராதுல்லா" என்றார். பின்னே என்னதான் படித்தீர்கள் என்று கேட்டேன். கிளை நூலகத்தில் இருந்த 'ஆரோக்கிய நிகேதனம்' தானாம். தாராசங்கர் எழுதியது, த.நா. குமாரஸ்வாமி தமிழாக்கியது. நாடி பிடித்துச் சாவைச் சொல்லும் அந்த வைத்தியரை நாலு தடவை படித்தாராம்.

எல்லாம் மண்ணின் குரல், வெளியிலிருந்து எதுவும் வரவில்லை என்று நான் உடனே மாற்றி எழுதிவிட இடமில்லாமல் செய்துவிட்டார் மனிதர். அந்தத் தட்டுகளும் அப்படித்தான். 1990களில் வி.டி. கோக்டே எக்ஸ்ரே முறையில் மண்ணைச் சோதித்து, அது கங்கைக் கழிமுகத்து மண்ணோடு, வங்காளத்துச் சந்திரகேதுகர், தாம்லுக் பக்கத்து மண்ணோடு ஒத்திருக்கிறது என்றார். எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றில்லை. ஆனால் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கிழக்குக் கடல் ஞாபகம் வந்தது.

கொற்கையில் சங்கறுத்தார்கள். 1968-69 அகழாய்விலும் சங்குச் சில்லுகள் கிடைத்தன. வளையல் போக மிஞ்சிய கழிவுகளில் வாள் போன தடம் இன்னும் நேராகத் தெரியும். இதைப் பார்த்து யாரும் ரோம்காரன் வேலை என்று சொல்வதில்லை. நின்று பார்ப்பதும் இல்லை. அன்றைக்கு அந்தப் பையனும் பார்க்கவில்லை, நானும் அடுத்த பெட்டிக்கு நகர்ந்துவிட்டேன்.

மதிப்புரை அச்சில் அப்படியே இருக்கிறது. திருத்தம் போட வேண்டும் என்று நண்பரிடம் சொன்னபோது அவர், "அதெல்லாம் எதுக்கு அண்ணாச்சி, அடுத்த புஸ்தகத்தை ஒழுங்காப் படிங்க" என்றார். கையெழுத்துப் பிரதி என் மேஜையில் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை.