எண்ணெய் மட்டும் போதுமா?

வண்டி வைத்திருப்போர் பலர், அதற்கு எண்ணெய் இடுவதொன்றே அதற்குச் செய்யும் முழுப் பணிவிடை என்று கருதுகின்றனர். நாமும் நெடுநாள் அவ்வாறே கருதியிருந்தோம். அக்கருத்து எவ்வளவு பிழையானது என்பதை, ரிவர்ஸ்டன் மலைச்சாலையின் ஒரு வளைவிலே, நம் மைந்தனின் முழங்காலில் வழிந்த இரத்தம் நமக்கு உணர்த்திற்று.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகச் செல்லும் சாலை, நக்கிள்ஸ் மலைத்தொடரின்மீது வளைந்து வளைந்து ஏறி, ரிவர்ஸ்டனைக் கடந்து, பிட்டவல பத்தனைப் புல்வெளியை நோக்கி இறங்குகின்றது. இம்மலைத்தொடர் 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்ற மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாகும். ஆளைத் தள்ளும் காற்றும், கண்மூடித் திறப்பதற்குள் வழியை மறைக்கும் மூடுபனியும் அங்கே இயல்பானவை. விடுமுறை நாளொன்றில் நாம் குடும்பத்துடன் வானில் செல்ல, கல்லூரி மாணவனான மைந்தன் தன் மின்சார மலைச் சைக்கிளில் முன்னே சென்றான்.

ஒரு வளைவு திரும்பியதும் அவன் சாலையோரத்தில் அமர்ந்திருக்கக் கண்டோம். ஏற்றத்திலே அழுத்தி மிதித்தபோது சங்கிலி அறுந்து, கால் நழுவி, பள்ளத்தின் பக்கமாக விழுந்திருக்கிறான். இன்னும் இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது. பற்றரியில் பாதிக்கு மேல் மின்சாரம் இருந்தது, மோட்டரிலும் பழுதில்லை. ஆயினும் வண்டி தன் வலுவால் ஓரடியும் நகராது கிடந்தது.

“நேற்று மாலைதானே எண்ணெய் விட்டோம்?” என்றோம்.

“விட்டீர்கள் அப்பா. துடைத்தீர்களா?” என்றான்.

மறுமொழி கூற இயலவில்லை. சங்கிலி கரகரக்கிறது என்று அவன் முன்னரே இருமுறை கூறியிருந்தான். இருமுறையும் அழுக்கின் மேலேயே எண்ணெயைச் சொரிந்து, ஓசை அடங்கியதும் மனநிறைவு கொண்டோம்.

அப்போது நம் தந்தையாரின் நினைவு வந்தது. தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்த அவர், ஞாயிறு தோறும் தம் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பழைய வேட்டித் துணியால் சங்கிலியைத் துடைப்பார். கண்ணிக்கு ஒரு துளியாக எண்ணெய் இடுவார். பின்னர் மறுபடியும் துடைப்பார். “இட்ட எண்ணெயை ஏன் துடைக்கிறீர்கள்?” என்று சிறுவனாயிருந்த நாம் கேட்டதற்கு, “எண்ணெய் சங்கிலிக்கு உள்ளே இருக்க வேண்டும், தம்பி. வெளியே இருப்பது மண்ணுக்கு வைக்கும் விருந்து” என்றார்.

அச்சொல்லின் உண்மையைச் சற்று ஆராய்வோம். இன்றைய உருளைச் சங்கிலி, மான்செஸ்டர் நகரில் வாழ்ந்த ஹான்ஸ் ரெனால்ட் என்பார் 1880இல் உரிமம் பெற்ற அமைப்பின் வழிவந்தது. கண்ணிகளைச் சிற்றாணிகள் இணைக்கின்றன. அவற்றைச் சுற்றிச் சிறு உருளைகள் சுழல்கின்றன. எண்ணெயோடு மணல் சேர்ந்தால் அக்கலவை அரம்போல் ஆணிகளைத் தேய்த்துவிடும். மனிதன் தொடர்ந்து மிதிக்கும் வலு ஏறத்தாழ 100 வாற்றுதான். மிதியடியின் நடுவே மோட்டர் பொருத்திய வண்டியிலோ, 250 வாற்று எனக் குறிக்கப்பெற்ற மோட்டரின் வலுவும் அதனோடு சேர்ந்து அதே சங்கிலி வழியாகவே சக்கரத்தை அடைகின்றது. ஆதலின் தேய்வும் விரைவாகிறது.

ஊர் திரும்பிப் புதுச் சங்கிலி பூட்டிய நாள் தொட்டு, தந்தையாரின் முறையையே கைக்கொண்டு வருகிறோம். முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பற்றரியைக் கழற்றி வைக்கிறோம். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சங்கிலியைப் பற்றி, மிதியடியைப் பின்னோக்கிச் சுழற்றி, துணியில் கறை படியாத வரை துடைக்கிறோம். பற்சக்கரங்களின் இடுக்குகளைப் பழைய பற்தூரிகை பார்த்துக்கொள்ளும். நன்கு உலர்ந்தபின், சைக்கிள் சங்கிலிக்கென விற்கும் எண்ணெயை உருளைக்கு ஒரு துளியாக இட்டு, சிறிது நேரம் ஊறவிட்டு, வெளிப்புறத்தை மீண்டும் துடைத்து விடுகிறோம். பிறேக் தகட்டில் ஒரு துளியும் படலாகாது. பட்டால் பிறேக் பிடிக்காது. மோட்டரின்மீது விசையாக நீர் பாய்ச்சுவதும் தகாது. மலையிலே ஓடையருகே வண்டியைக் கழுவ நினைப்போர் அக்கழிவு நீரில் கலக்கும் என்பதை மறத்தலாகாது.

மாணவர்கள் ஓர் அளவையும் அறிந்து வைத்தல் நன்று. புதுச் சங்கிலியில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம்; ஆகவே 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்கும். அந்நீளம் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு மிகுந்துவிட்டால் சங்கிலியை மாற்றவேண்டும். பள்ளிக்கூட அடிமட்டமே இதற்குப் போதுமானது.

சென்ற மாதம் மீண்டும் ரிவர்ஸ்டன் சென்றோம். முதல்நாள் மாலையில் தந்தையும் மைந்தனுமாக அமர்ந்து சங்கிலியைத் துடைத்தோம். அளவுகோலைப் பிடித்தவன் அவன். அந்தப் பழைய வளைவிலே வானை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றோம். மூடுபனியினூடே அவன் ஏறி வந்தான். சங்கிலியிலிருந்து ஓசையே எழவில்லை. முன்பும் ஒருநாள் அது அவ்வாறே அடங்கியிருந்தது. ஆயின் அன்று நாம் ஓசையைத்தான் தீர்த்தோமேயன்றிக் குறையைத் தீர்க்கவில்லை.